இரண்டாம் ஆளின் கை

மார்ச் 4

அன்புள்ள பம்பரத்துக்கு,

நலமாக இருக்கிறேன் என்று எழுதினால் பொய்யாகிவிடும்; ஏதோ ஓடுகிறது என்று வைத்துக்கொள். போன் வேண்டாம், உங்கள் குரல் கேட்டால் அழுகை வருகிறது என்று நீ சொன்னதிலிருந்து வாரம் தவறாமல் எழுதுகிறேன். நான் நாலு பக்கம் எழுதினால் நீ நாலு வரி போடுகிறாய். பரவாயில்லை, கொடுப்பினை அவ்வளவுதான்.

பயிற்சிப் பள்ளிக்கு இந்த மாதம் பதினோரு பேர் கார் ஓட்டக் கற்க வந்திருக்கிறார்கள். ஒருவருக்கும் இடது வலது தெரியவில்லை. ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டுங்கள் என்றால் யாரையோ வழியனுப்புவதுபோல் ஆட்டுகிறார்கள். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். உன் தம்பி விழுந்ததிலிருந்து இரண்டு வருஷமாக நிறுத்தியிருந்த மலைச் சைக்கிள் ஓட்டத்தை நம் கிளப் மறுபடி நடத்துகிறது. ஜூன் முதல் ஞாயிறு. வனப் பூங்காவுக்குள் அதே சாலை, கணவாயிலிருந்து இறங்கும் அதே பதினெட்டு வளைவு. கேப்டன் நான்தான் என்று ஒரே குரலில் சொல்லிவிட்டார்கள். "உங்க கைய நம்பித்தான் கண்ண மூடிட்டு வர்றோம்" என்றார் செயலாளர்.

நீயும் வர வேண்டும், என் பின்சக்கரத்துக்குப் பின்னால், எப்போதும்போல இரண்டாம் ஆளாக. நடந்தது என்ன? நான் கை காட்டினேன். நீ அதை மூன்றாவதாக வந்த தம்பிக்குக் கடத்தியிருக்க வேண்டும். அந்த நொடி பார்த்துத் தண்ணீர் பாட்டிலை எடுக்கக் குனிந்துவிட்டாய். யானைக்கும் அடி சறுக்கும். அதற்காக வேலையை விட்டு, வீட்டை விட்டு, அவனுக்குத் தாதியாக அந்த மலையடியில் போய் உட்கார்ந்திருக்கிறாய். பாட்டிலில் தண்ணீர் குடிப்பதைக்கூட விட்டுவிட்டாயாம். அவனுடைய கால்கள் இதனாலெல்லாம் திரும்பி வரப்போவதில்லை.

எத்தனை தடவை எழுதினாலும் எனக்கு அலுக்காது: உன்னை மன்னித்துவிட்டேன்.

உன்னுடைய,
கேப்டன்


மார்ச் 15

அன்புள்ள உங்களுக்கு,

கடிதம் கிடைத்தது. இந்தத் தடவை நாலு வரிக்கு மேல் எழுதுகிறேன், சந்தோஷப்படுங்கள்.

காலையில் பூங்காச் சாவடியில் நுழைவுச்சீட்டுக் கொடுக்கும் வேலை. ஜன்னல் பிரிட்ஜ் கதவு அளவுதான் இருக்கும். அதன் வழியே சைக்கிள்காரர்கள் வரிசையாக மலையேறுவதைப் பார்க்கிறேன். முதல் ஆள் கை காட்டுவதும், அடுத்த ஆள் காட்டுவதும், அதற்கடுத்த ஆள் காட்டுவதும் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. மதியம் வந்து தம்பியைப் புரட்டிப் படுக்கவைத்து முதுகைத் துடைத்துவிட்டால், பிறகு அவன் தன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுவான். கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டும் வேலை கை நிறைய இருக்கிறது. ஊரான் கல்யாணத்தையெல்லாம் பார்த்தே எனக்கு வயசாகிவிடும்போல, என்கிறான்.

செவ்வாய்க்கிழமை வனக்காவலர் வந்திருந்தார். மாற்றலாகிப் போகிறாராம். சாவடிக் கிடங்கைக் காலி செய்தபோது தம்பியின் சைக்கிள் கிடைத்திருக்கிறது. அன்றைக்குச் சாக்கில் கட்டிப் போட்டது அப்படியே இருந்தது. முன்சக்கரம் எட்டாக வளைந்திருக்கிறது. தம்பி அதை மடியில் வைத்துக்கொண்டு செயினுக்கு எண்ணெய் போடுகிறான். அவனுக்கு அந்த நாள் முழுக்க மறந்துபோய்விட்டது என்பதுதான் உங்களுக்குத் தெரியுமே.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மனைவி


மார்ச் 21

என் பம்பரமே,

உன் கடிதம் படித்து மனது சரியில்லை. அந்தச் சைக்கிளை ஏன் வீட்டுக்குள் விட்டாய்? மறந்தவனுக்கு மறதிதான் மருந்து. பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிடு, இல்லையென்றால் நான் ஆள் அனுப்புகிறேன்.

சாக்கில் சைக்கிள் மட்டும்தானா? அவன் ஹேண்டில்பாரில் ஏதேதோ மாட்டியிருப்பானே, அதெல்லாம் இருக்கிறதா? சும்மாதான் கேட்கிறேன். எதையாவது பார்த்து அவன் கலங்கிவிடக் கூடாது.

ஜூனுக்கு உனக்குப் புது ஹெல்மெட் வாங்கிவிட்டேன். உனக்குப் பிடிக்கும் என்று மஞ்சள் நிறம் எடுத்தேன். கிளப்பில் எல்லோரும் அவங்க வருவாங்களா என்று கேட்கிறார்கள். ஒருவருக்கும் உன்மேல் கோபம் இல்லை, நான் பேசிச் சரிசெய்து வைத்திருக்கிறேன்.

உன்னை மன்னித்த,
கேப்டன்


மார்ச் 29

அன்புள்ள உங்களுக்கு,

ஹெல்மெட் வாங்கியதற்கு நன்றி. மஞ்சள் எனக்குப் பிடிக்கும் என்பதை நினைவு வைத்திருக்கிறீர்கள்.

மணி, பாட்டில், பாதி உடைந்த பம்பு, இவ்வளவுதான் சாக்கில் இருந்தன. சைக்கிளை மட்டும் தம்பி கொடுக்க மாட்டேன் என்கிறான்.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும், தப்பாக நினைக்காதீர்கள். கை காட்டினேன் என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறீர்கள். எந்தக் கை? எப்படிக் காட்டினீர்கள்? நான் குனிந்ததால் தவறவிட்டதை ஒரு தடவையாவது மனதுக்குள் பார்த்துவிட வேண்டும்போல இருக்கிறது. பார்த்துவிட்டால் ஒருவேளை மனம் ஆறும். ஜூனில் உங்கள் பின்னால் வரும் தைரியமும் வரலாம்.

உங்கள் மனைவி


ஏப்ரல் 4

என் பம்பரமே,

ஜூன் என்ற வார்த்தையை உன் கையெழுத்தில் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டேன்.

இதில் தப்பாக நினைக்க என்ன இருக்கிறது? கண்ணை மூடினால் அப்படியே தெரிகிறது. பன்னிரண்டாம் வளைவு. ஓடைத் தண்ணீர் சரளையை அடித்துவந்து பாதிச் சாலையில் பரப்பியிருந்தது. இருபது அடிக்கு முன்பே பார்த்துவிட்டேன். இடது கையைத் தாழ்த்தி, உள்ளங்கையை ரோட்டுப் பக்கம் காட்டி, விரல்களை உதறினேன். கிளப்பில் சரளைக்கு அதுதானே சைகை. "சரளை" என்று கத்தவும் செய்தேன். காற்றில் உனக்குக் கேட்டிருக்காது, பாவம். பிறகு உள்பக்கமாக ஒதுங்கினேன், நீயும் என் சக்கரத்தோடு ஒதுங்கிவிட்டாய். அவன் நேராக வந்தான்.

போதுமா? இனி இதை விட்டுவிடு. நான் எப்போதோ விட்டுவிட்டேன்.

உன்னுடைய,
கேப்டன்


ஏப்ரல் 12

அன்புள்ள உங்களுக்கு,

போதும். ரொம்ப நன்றாக எழுதியிருந்தீர்கள், நேரில் பார்த்ததுபோல் இருந்தது. கத்தியதை மட்டும் இந்த இரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூடச் சொல்லவில்லையே என்று தோன்றியது. ஞாபகம் இப்போதுதான் வந்திருக்கும்.

இன்னும் ஒரே ஒரு உதவி. தம்பி சில நாளாக என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. யாரால் இப்படி ஆனேன் என்று கேட்கிறான். எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. நீங்கள் அவனுக்கு நாலு வரி எழுதுங்கள், மாமா சொன்னால் கேட்பான். கிளப் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். நீங்கள் எழுதுவதைப் பொறுத்துத்தான் நான் பெட்டி கட்டுவதும் கட்டாததும்.

உங்கள் மனைவி


ஏப்ரல் 18

என் பம்பரமே,

இத்துடன் தம்பிக்கு எழுதியதை வைத்திருக்கிறேன். நீயே படித்துக் காட்டு. பெட்டியைக் கட்டு.

கேப்டன்

*அன்பு மச்சினனுக்கு, மாமா எழுதுவது. உன் அக்காவை வெறுக்காதே. நான் கை காட்டியதை அவள் பார்க்கவில்லை, உனக்குக் கடத்தவில்லை. இது உண்மை, மறைக்க முடியாது. ஆனால் வேண்டுமென்று செய்ததல்ல. மனுஷ ஜென்மம் தவறு செய்யத்தான் செய்யும். நான் அவளை மன்னித்துவிட்டேன், நீயும் மன்னித்துவிடு. அவளை என்னோடு அனுப்பிவை. உனக்கு நல்ல ஆளாகப் பார்த்து ஏற்பாடு செய்கிறேன்.*


மே 2

அன்புள்ள கேப்டனுக்கு,

தம்பிக்கு உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டான். பிறகு, "மாமா எழுத்துல ஒரு அடித்தல் திருத்தல்கூட இல்லக்கா" என்றான்.

சாக்கில் இன்னொன்றும் இருந்தது. மணிக்குக் கீழே, கட்டைவிரல் அளவுக் காமிரா. நீங்கள் சும்மாதான் கேட்டீர்களே, அதே காமிராதான். உள்ளே இருந்த கார்டைத் தம்பி துடைத்துப் போட்டதும் ஓடியது. சைக்கிள் வந்த செவ்வாய்க்கிழமை மதியமே பார்த்துவிட்டோம். அதற்குப் பிறகு நான் உங்களுக்கு எழுதியவற்றை எடுத்து வைத்துக்கொண்டு, நேரம் கிடைக்கும்போது ஒரு தடவை திரும்பப் படியுங்கள்.

உங்கள் இடது கை எழுந்தது உண்மைதான். மணிக்கட்டைத் திருப்பிக் கடிகாரம் பார்த்தீர்கள். இறக்கத்தில் உங்களுடைய பழைய நேரத்தை முறியடிக்க வேண்டுமென்று காலையிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தீர்கள். பார்த்துவிட்டுத் தலையை நிமிர்த்தியபோது சரளை உங்கள் சக்கரத்தடியில் வந்துவிட்டது. சடாரென்று ஒதுங்கினீர்கள். கை தாழவில்லை, விரல் உதறவில்லை, சத்தமும் இல்லை. தம்பி வேலை தெரிந்தவன், ஒவ்வொரு படமாக நிறுத்தி நிறுத்திக் காட்டினான். நான் குனிந்ததும் அதில் இருக்கிறது. நிமிர்ந்தே வந்திருந்தாலும் பார்க்க அங்கே ஒன்றும் இல்லை.

காமிரா விழுந்த பிறகும் ஓடிக்கொண்டிருந்தது. ரோடு சாய்ந்து தெரிகிறது. நான் ஓடுவது தெரிகிறது. நீங்கள் சைக்கிளை நிறுத்துகிறீர்கள், இறங்குகிறீர்கள், முதலில் கடிகாரத்தில் பொத்தானை அழுத்துகிறீர்கள். அந்தச் சின்னச் சத்தம்கூடக் கேட்கிறது. அதன்பிறகுதான் எங்கள் பக்கம் வருகிறீர்கள். வந்ததும் கேட்டது, "நான் கை காட்டினேனே, நீ பாக்கலயா?" என் தம்பி இருக்கிறானா போய்விட்டானா என்றுகூடக் கேட்கவில்லை. அந்த இடத்திலேயே, அவன் ரத்தத்தில் நான் உட்கார்ந்திருந்தபோதே, உங்களுக்கு அது தோன்றிவிட்டது.

எனக்கு மறுத்துச் சொல்ல வழி இல்லாமல் போனது, நான் குனிந்தது எனக்கே தெரியும் என்பதால். அதை நீங்களும் கண்டுகொண்டீர்கள். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். உங்களுடையது இரண்டு வருஷம் ஓடிவிட்டது, அதிலும் வாரம் ஒரு மன்னிப்பு. அந்தக் கடிதங்கள் நூற்றுச் சொச்சம் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் வாசித்துவிட்டு, இப்படிப்பட்டவரை விட்டு வந்துவிட்டேனே என்று அழுதிருக்கிறேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை படம் முடிந்ததும் தம்பி கம்ப்யூட்டரை அணைத்தான். பிறகு, "நீ ஊருக்குப் போலாம்க்கா, இனி எனக்காக இருக்க வேண்டியதில்ல" என்றான். எனக்காகத்தான் இருக்கிறேன் என்று சொன்னேன். அன்றைக்குப் பாட்டிலை அப்படியே தூக்கித் தண்ணீர் குடித்தேன், கழுத்தெல்லாம் நனைய.

கார்டை கிளப்புக்கு அனுப்பிவிட்டேனோ என்று பயப்படாதீர்கள். யாருக்கும் அனுப்பவில்லை. உங்கள் கடிதத்தோடு சேர்த்து என் பெட்டியில் வைத்திருக்கிறேன். பெட்டியைக் கட்டச் சொன்னீர்களே, கட்டியாகிவிட்டது. அது என்றைக்குத் திறக்கும் என்று எனக்கே தெரியவில்லை. ஜூனிலும் திறக்கலாம், பத்து வருஷம் கழித்தும் திறக்கலாம். கேப்டன் பதவியை விட்டு விலகினால் ஏன் என்று கேட்பார்கள், உங்கள் வாயாலேயே சொல்லிக்கொள்ளுங்கள். விலகாவிட்டால், ஓட்டம் எங்கள் சாவடியைத் தாண்டித்தான் போக வேண்டும். ஜன்னலில் நான் இருப்பேன். தம்பி என் பக்கத்தில் காமிராவோடு இருப்பான். கையை நன்றாகத் தாழ்த்தி, விரலை உதறிக் காட்டுங்கள். பின்னால் வருகிறவர்கள் உங்களை நம்பிக் கண்ணை மூடிக்கொண்டு வருகிறார்கள்.

பதில் போட வேண்டாம். இனி வாரம் தவறாமல் நான் எழுதுகிறேன். எத்தனை தடவை எழுதினாலும் எனக்கு அலுக்காது.

உங்களை மன்னித்துவிட்டேன்.

இப்படிக்கு,
இரண்டாம் ஆள்