நீரதிபதியின் தீர்ப்பு

காரமடை, தோட்டம்
10-7-1997

பேரன்புள்ள அக்காவுக்கு,

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், நம் வீட்டு எருமை என் கணக்கு நோட்டைச் செவ்வாய்க்கிழமை காலை தின்று முடித்தது. முப்பது பக்கமும் தப்புக் கணக்குதான். ஆனாலும் ஜீரணமாகிவிட்டது.

அடுத்த செய்தி. அப்பா கல்யாண வேலையாகச் சத்தியமங்கலம் போயிருப்பதால் கூட்டுக் கிணற்றுக்கு நானே நீதிபதி. இல்லை, நீரதிபதி! செவ்வாய் தண்ணீர் முறை பக்கத்துத் தோட்டத்து ராமாமணி பெரியம்மாவுக்கு. அன்று பூராவும் கரண்ட் இல்லை. அடுத்த முறை சனிக்கிழமைதான். புதன் நம் முறை. காலையில் மஞ்சளுக்குப் பாய்ச்சி முடித்தேன். பெரியம்மா வந்து, "கண்ணு, தக்காளி நாத்து வாடுது. ஒரு மணி நேரம் தண்ணி உடுறயா?" என்று கேட்டது.

"கரண்ட் போனா அவங்கவங்க நட்டமுங்க பெரியம்மா. முறைன்னா முறைதானுங்க" என்றேன்.

நான் போனதும் அம்மா மோட்டாரைப் போட்டுவிடும் என்று தெரியும். அதனால் மோட்டார் ஓடாதபடி பெட்டியிலிருந்து பியூஸ் கட்டையைப் பிடுங்கி டவுசர் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போய்விட்டேன். சாயங்காலம் வரை சட்டம் என் பாக்கெட்டில்! சொந்தம் பார்க்காமல் தீர்ப்புச் சொன்ன தம்பியை நீ மெச்ச வேண்டாமா?

இப்படிக்கு,
மாண்புமிகு தீபக்


கோவை, விடுதி
13-7-1997

அன்புத் தம்பிக்கு,

இங்கு நலம். இனி எருமையிடம் டியூசன் போ, கணக்கு அதற்காவது ஏறியிருக்கும்.

உன் வழக்கை எங்கள் ஆசிரியர் பயிற்சி வகுப்பில் சொன்னேன். பையன்கள் எல்லாம் உன் கட்சி. "ஒருத்தருக்கு உட்டா அப்புறம் முறையே இருக்காதுங்க" என்றார்கள். பெண்கள் தீர்ப்பே சொல்லவில்லை. நாற்று எத்தனை நாள் தாங்கும், அந்தம்மாவுக்கு வேறு யார் துணை என்று என்னைத் துளைத்தார்கள். ஆண் மனசு சட்டத்தைப் பார்க்கும், பெண் மனசு ஆளைப் பார்க்கும் என்று சார் கரும்பலகையில் எழுதிப்போட்டார். எனக்கு அது முழுசாக ஒப்பவில்லை.

உனக்குக் காமாலை வந்து அம்மா உன்னோடு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பன்னிரண்டு நாள் நம் மாடு கறந்தது பெரியம்மாதான். யார் முறை என்று கேட்கவில்லை. ஒரு தடவை கேட்டு இல்லையென்று சொல்லிவிட்டால் மறுபடி நம் வாசலுக்கு வருகிற ஆளும் இல்லை.

நாற்றைப் போய்ப் பார்த்தாயா? அதை மட்டும் எழுது.

அக்கா,
மோகனப்பிரியா


காரமடை, தோட்டம்
17-7-1997

அக்கா,

பார்த்தேன். ஐந்து பாத்தியில் மூன்று போய்விட்டது. மீதி இரண்டுக்குத் தினமும் காலையில் குடத்தில் ஊற்றுகிறேன். பெரியம்மா திட்டவில்லை. "சாப்ட்டயா கண்ணு" என்றும் கேட்கவில்லை. அதுதான் என்னவோ போல் இருக்கிறது.

அப்பா வந்ததும், "முறைப்படி நீ செஞ்சது சரிதான்டா" என்றார். அப்புறம் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய், நாற்றுக் கட்டு வாங்கிவந்து பெரியம்மா வரப்பில் வைத்துவிட்டு, வாய்க்காலில் கை கழுவினார். அப்பா எந்தப் பக்கம் என்று உன் சாரைக் கேள்.

இன்னொன்று. சாயங்காலம் வரை சட்டம் என் பாக்கெட்டில் என்று எழுதினேனே, அது புளுகு. இரண்டாம் பீரியடிலேயே உட்கார முடியவில்லை. வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு இரண்டு மைல் ஓடிவந்து, கட்டையைச் சொருகி பட்டனை அமுக்கினேன். கரண்ட் போயிருந்தது. இருட்டும் வரை மோட்டார் ரூமிலேயே உட்கார்ந்திருந்தேன். வரவேயில்லை. அதைச் சொல்ல வெட்கமாக இருந்ததால்தான் அவ்வளவு வீறாப்பு.

பெரியம்மாவுக்கு இது தெரியாது. சனிக்கிழமை நீ வந்தால் சும்மா என் பக்கத்தில் மட்டும் நில். நானே சொல்லிப்போடுகிறேன்.

வெறும் தீபக்