கல்யாண வீடியோவில் நான் இல்லாதது பற்றி

சண்டிலிப்பாய்
12.09.2024

அன்பு மகன் சயந்தனுக்கு அம்மா எழுதுவது, பிள்ளையார் அருளால் இங்கே எல்லோரும் சுகம், பாரிசில் நீயும் அப்படியே இருக்கிறாய் என்று அறிந்தால்தான் என் மனம் ஆறும். கையெழுத்து தங்கச்சி கோபிகாவுடையது, நான் சொல்வதை அவள் புத்தகத் தமிழாக்கி எழுதுகிறாள், காரணம் கீழே வரும். பத்து நாளாக நாங்கள் அழைத்தாலும் நீ போனை எடுப்பதில்லை, அதனால்தான் கடிதம்.

உனக்கு விசா இல்லாததால் அக்கா சுபாஜினியின் கல்யாணத்தைப் போனில்தான் பார்த்தாய், மூன்று மணித்தியாலமும் என் முகத்தைத் தேடினாயாம், அடுத்த நாள் பூரணம் மாமிக்குப் போன் எடுத்து, அம்மாவைப் பின்னுக்கு விட்டது நீங்கள்தானே என்று ஏசினாயாம். தம்பி, மாமி ஒன்றும் சொல்லவில்லை. ஒருவருமே சொல்லவில்லை. அப்பா காலமான இந்த ஆறு வருடமாக, நல்ல காரியம் என்றால் நானாகவே விலகிவிடுவேன், யாரும் சொல்வதற்கு முன்பே விலகிவிட்டால் அந்தச் சொல்லைக் கேட்க வேண்டி வராது. தாலி கட்டும்போது வீடியோக்காரரின் முதுகுக்குப் பின்னால் நின்று எட்டி எட்டிப் பார்த்தேன், நீ கண்டதைத்தான் நானும் கண்டேன்.

நீ காணாதது ஒன்று இருக்கிறது. கல்யாணத்தின் நாலாம் நாள் சடங்கிற்கு அக்காவும் அத்தானும் வந்தார்கள், ஆராத்தித் தட்டை வழக்கம்போல மாமியும் சித்தியும் பிடிக்கட்டும் என்று நான் குசினிக்குள் பாயாசம் கிண்டிக்கொண்டு நின்றேன். மாமி தட்டோடு உள்ளே வந்துவிட்டார். "இந்தா கனகம், மற்றப் பக்கத்தைப் பிடி. உன்ரை மகனிட்டை இன்னொருக்கால் பேச்சு வாங்க என்னாலை ஏலாது" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், ஆனால் கண் கலங்கியிருந்தது. வாசலில் இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்தார்கள், நான் தலை குனியவில்லை. வாழைப்பழத் துண்டுகளில் திரிகள் எரிய மாமியும் நானும் தட்டைச் சுற்றினோம், அக்கா என்னையே பார்த்தபடி நின்றாள். அன்றைக்கு வீடியோ எடுக்க ஒருவரும் இல்லை, அதனால் எழுதுகிறேன்.

செய்யாத பிழைக்கு மாமி ஏச்சு வாங்கியிருக்கிறார், அவரோடு ஒரு வார்த்தை கதை. மன்னிப்புக் கேள் என்றே எழுத வேண்டும் என்கிறாள் கோபிகா, எனக்கு நீ கதைத்தாலே போதும்.

உனக்கு மறைத்ததையும் சொல்லிவிடுகிறேன், திங்கட்கிழமை எனக்குக் கண் ஒப்பரேசன் நடந்தது, ஒரு கிழமை எழுதக் கூடாதாம். மறுநாள் கட்டை அவிழ்த்ததும் முருங்கையின் இலைகள் தனித்தனியாகத் தெரிந்தன, கோபிகாவின் நெற்றித் தழும்பைக்கூட இப்போதுதான் சரியாகக் கண்டேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, உன் விசா அலுவல் நல்லபடி முடிய பிள்ளையார் துணை நிற்பார். கோபத்தோடு என்றாலும் பரவாயில்லை, வீடியோவில் எடு. இந்தக் கண்ணால் உன்னை இன்னும் பார்க்கவில்லை.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா,
சோ. கனகாம்பிகை