அக்கா எழுதிக் கொடுத்த வரி

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். நீ நலமா என்று கேட்டால் மூன்று மாதம் கழித்து இரண்டு வரி வரும். கர்னல் ஆன பிறகு கை ரொம்பவே கனத்துவிட்டது போலிருக்கிறது.

நம் சில்வண்டை உன் படைப்பிரிவிலேயே போட்டிருக்கிறார்களாம். வாய் ஓயாத பிள்ளைக்கு வயர்லெஸ் வேலை கொடுத்த மகராசன் யாரோ! எனக்கு இருப்பது அந்த ஒரு பிள்ளைதான். தாய்மாமன் கண்ணெதிரில் இருக்கிறான் என்ற தைரியத்தில்தான் இருக்கிறேன். பார்த்துக்கொள்.

உன் அன்பு அக்கா

ஜனவரி 30

அன்புள்ள அக்காவுக்கு,

வந்து சேர்ந்துவிட்டான். முதல் நாளே எல்லார் முன்னாலும் "மாமா!" என்று கூப்பிட்டான். "இங்க மாமா எல்லாம் கிடையாது, சார்னு சொல்லுடா" என்று ஓர் அதட்டல் போட்டேன். முகம் தொங்கிப் போனது. என்ன செய்ய? இருபத்தாறு வருஷ சர்வீஸில் யாருக்கும் சலுகை காட்டினேன் என்ற பேச்சு வந்ததில்லை. பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் இருக்கும் நேரத்தில் அது வரக் கூடாது.

சாப்பாட்டு வரிசையில் அவன் இரண்டாம் தடவை நின்றதைப் பார்த்தேன். பார்க்காத மாதிரி போய்விட்டேன். கவலைப்படாதே.

உன் தம்பி

ஏப்ரல் 17

மதிப்பிற்குரிய அம்மையீர்,

தங்கள் மகன் ஏப்ரல் 14 அன்று பாலத்தருகே நடந்த சண்டையில் வீரமரணம் அடைந்தார் என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவிக்கிறேன். வலி தெரியாமல், உடனே போய்விட்டார் என்பது தங்களுக்குச் சிறிதேனும் ஆறுதல் தரட்டும்.

கர்னல்,
படைப்பிரிவுத் தலைவர்

ஏப்ரல் 25

தம்பி,

அம்மையீராம்! பெற்ற வயிறு பற்றி எரிகிறது, நீ அலுவலகத் தாளில் எழுதுகிறாய்.

அந்த வரி என்னுடையது. மறந்துவிட்டாயா? புது லெப்டினன்டாக லீவில் வந்தபோது, உன் படையில் முதன்முதலாகச் செத்த சிப்பாயின் அம்மாவுக்கு எழுதத் தெரியாமல் சமையலறை மேஜையில் உட்கார்ந்து அழுதாய். "சாயங்காலம் வரைக்கும் துடிச்சான்க்கா, அதை எப்படி எழுதறது?" என்றாய். நான்தான் 'வலி தெரியாமல், உடனே போய்விட்டார்' என்று எழுதிக் கொடுத்தேன். டீச்சர்னா டீச்சர்தான் என்று மெச்சினாய். அதற்குப் பிறகு எத்தனை வீட்டுக்கு அதை அனுப்பினாயோ.

மற்ற அம்மாக்கள் நம்பியிருப்பார்கள். நான் எப்படி நம்புவேன்? என் பிள்ளை எவ்வளவு நேரம் உயிரோடு இருந்தான்? நிஜத்தை எழுது.

அக்கா

மே 6

அக்கா,

நாலு மணி நேரம்.

பாலத்துக்கு அந்தப் பக்கம் காலில் குண்டு பட்டு, வயர்லெஸ்ஸோடு கிடந்தான். பேசிக்கொண்டே இருந்தான். "ஆள் அனுப்புங்க சார்" என்றான். முதல் ஒரு மணி நேரத்தில் நாலு பேர் போயிருந்தால் தூக்கி வந்திருக்கலாம். போகிறோம் என்று அவர்களும் வந்து நின்றார்கள். வேறு யார் பிள்ளையாக இருந்தாலும் அனுப்பியிருப்பேன். அக்கா மகனுக்காக நாலு உயிரைப் பணயம் வைத்தான் என்பார்களே என்று யோசித்தேன். யோசித்து முடிப்பதற்குள் எதிரிகள் பாலத்தைப் பிடித்துவிட்டார்கள். கடைசியில் ஒரே ஒரு தடவை "மாமா" என்றான்.

பதவி உயர்வு வந்துவிட்டது. நேற்று தோளில் புதுப் பட்டை குத்தினார்கள். மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் இல்லை. திட்டியாவது ஒரு வரி எழுது அக்கா.

உன் தம்பி

மே 19

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் அக்கா மே 14 அன்று, தங்கள் கடிதத்தைப் படித்துக்கொண்டிருக்கையில் இறந்துவிட்டாள் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன். இனி இந்த விலாசத்துக்கு அவள் பெயரில் கடிதம் அனுப்ப வேண்டாம்.

வலி தெரியாமல், உடனே போய்விட்டாள்.

இப்படிக்கு,
சில்வண்டின் அம்மா