தேங்காய் எண்ணெய் போட்ட ரிவால்வர்

இராயபுரம்,
14-11-1950

கர்த்தருக்குள் பிரியமான மகள் ஞானசெல்விக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் அவர் கிருபையால் இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் இந்தக் கடிதம் கைக்குக் கிடைக்கும்வரை ஒரு குறையும் இல்லாமல் இருக்கவேண்டும் என்று மன்றாடிக்கொண்டேதான் பேனாவை எடுத்தேன். மலாயாவில் கலவரம் என்பதால் தோட்டத்துத் துரை மாப்பிள்ளைக்குக் கொடுத்த ரிவால்வரில் புள்ளி புள்ளியாகத் துரு தெரிகிறது, என்ன செய்யலாம் என்று நீ கேட்டிருந்தாய். தேங்காய் எண்ணெயைத் தாராளமாகப் போடு என்று போன மாதம் எழுதினேன். அது தவறு அம்மா. போட்டிருந்தால் இன்றைக்கே துடைத்துவிட வேண்டும்.

துப்பாக்கியைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? யுத்த காலத்தில் மிசின் எண்ணெய் கிடைக்காமல் அம்மாவின் தையல் மிசினுக்குத் தேங்காய் எண்ணெய்தானே விட்டோம், இரும்புக்கு இரும்பு என்று நினைத்துவிட்டேன். இந்த மழையில் உன் குழந்தைக்கு ஞானஸ்நானச் சட்டை தைக்க அம்மா மிசினைத் திறந்தால் சக்கரம் அசையவில்லை. கல்மண்டபத்துப் பக்கம் பூட்டும் மிசினும் ரிப்பேர் செய்கிற உசேனை அழைத்து வந்தேன். பர்மா யுத்தத்தில் பட்டாளத்துத் துப்பாக்கிகளைப் பழுது பார்த்தவன். உள்ளே மஞ்சளாக இறுகியிருந்த பசையைச் சுரண்டிக்கொண்டே, "இன்னா பெரியவரே, மிசினுக்கு எண்ண வச்சி தல வாரி உட்டுகினு கீறீங்களா?" என்று சிரித்தான். அம்மாவும் சிரித்தாள். அவள் காபி போட உள்ளே போனதும், இதையே ஒரு ரிவால்வருக்கு விட்டால் என்ன ஆகும் என்று சும்மா கேட்பதுபோலக் கேட்டேன். அவன் சிரிப்பு நின்றுவிட்டது. "தோட்டாக்குள்ள எண்ண எறங்குச்சின்னா வெடிக்கறது சந்தேகந்தான். அவசரத்துல அமுக்குனா டிக்குனு ஒரு சத்தம், அவ்ளோதான். யாருக்கு பெரியவரே இந்த வேல பாத்தீங்க?" என்றான். அன்றிலிருந்து, விடியுமுன்னே வேலைக்கு வந்த ஆட்களின் பெயர் கூப்பிட்டுக் கணக்கெடுக்கச் சைக்கிளில் ரப்பர் மரங்களுக்குள் போகிற மாப்பிள்ளைதான் என் கண்முன் நிற்கிறார்.

தந்தி அடிக்கத் தபாலாபீசுக்கு ஓடினேன். ரிவால்வர் என்ற சொல்லைப் பார்த்ததும் குமாஸ்தா தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அங்கே போலீசார் படித்து மாப்பிள்ளையைச் சந்தேகித்தால் என்ன செய்வது என்று பயந்து தாளைக் கிழித்துவிட்டேன். அது சரியா என்று இன்னும் எனக்கு நிச்சயமில்லை. ஆகவே விமானத் தபாலில் இதை அனுப்பி, மூன்று நாள் கழித்து இதே கடிதத்தின் பிரதியையும் அனுப்புவேன்.

இனி எழுதுவதெல்லாம் உசேன் சொன்னது. அவனுக்கே வாசித்துக்காட்டித் திருத்திக்கொண்டேன், என் யோசனை ஒன்றும் இதில் இல்லை. பகல் வெளிச்சத்தில், குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, மாப்பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய். முனை எப்போதும் ஆளில்லாத பக்கம் பார்த்திருக்கட்டும். விசைமேல் விரல் வைக்காதே. முதலில் தோட்டாக்களை எடுத்து வேறு அறையில் வை. பிறகும் தோட்டா போடுகிற உருளையின் ஆறு துளையிலும் வெளிச்சம் தெரிகிறதா என்று இரண்டு பேரும் தனித்தனியே பாருங்கள். பழைய பல் பிரஷ்ஷை மண்ணெண்ணெயில் தோய்த்துப் பசை போகத் தேய்த்துத் துடை, பக்கத்தில் விளக்கோ அடுப்போ வேண்டாம். வெள்ளிப் பாத்திரம்போலப் பளபளக்கிறதே, இது துருப்பிடிக்காது என்று மாப்பிள்ளை சொன்னதாக எழுதினாய். அது நிக்கல் பூச்சு மட்டும்தானாம், பூச்சு விட்ட இடத்தில் துரு ஏறும். புளியோ சாம்பலோ போட்டுவிடாதே, உள்ள பூச்சும் போய்விடும். உருளை சுற்றுகிற அச்சில் மிசின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு, கோழி இறகால் தொட்டு வை. மேலே எண்ணெய்த் துணியால் ஒரு துடைப்பு போதும். தோட்டாவுக்கு எண்ணெய் கூடவே கூடாது. எண்ணெய் பட்டவற்றை மாப்பிள்ளை துரையிடம் திருப்பிக் கொடுத்துப் புதிதாக வாங்கட்டும். கடைசியாகக் குழாய்க்குள் வெள்ளைத் துணியைக் குச்சியில் சுற்றி, அழுக்கு வராமல் போகும்வரை மாற்றி மாற்றி விடு.

அம்மாவிடம் மிசின் கெட்ட கதையை எழுதுவதாகத்தான் சொல்லியிருக்கிறேன். நீயும் உன் பதிலில் இதை வெளிப்படையாக எழுதாதே. கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் காப்பாராக, குழந்தைக்கு எங்கள் முத்தம். நீ எப்போதும் எல்லாரும் சுகம் என்றுதான் எழுதுகிறாய், அப்பாவுக்காக எழுதுகிறாய் என்று தெரியும். இந்த முறை அது வேண்டாம். குழாய்க்குள் விட்ட கடைசித் துணியில் ஒரு விரல் அகலம் கத்தரித்துக் கடிதத்துக்குள் வைத்து அனுப்பு. அது வெள்ளையாக இருப்பதை நான் கண்ணால் பார்க்கவேண்டும்.

உன் அப்பா,
ஞா. அருள்பிரகாசம்