கையில் அழியாத எண்

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். உன் கால் வீக்கம் வடிந்ததா? உப்பைக் குறை என்றால் கேட்கவே மாட்டாய்.

நான் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியிலேயே பிரசவம் வைத்துக்கொள்ளலாம் என்று அத்தான் சொன்னதாக எழுதியிருந்தாய். வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன், கோபப்படாமல் படி.

நர்சுகள் நாங்கள் குழந்தையைத் தொடும் முன்னும் பின்னும் சானிடைசர் தேய்க்கிறோம். நல்ல சரக்கு அரை நிமிடத்தில் காயும், கிருமியைக் கொல்லும். அதில் எனக்குச் சந்தேகமில்லை. எங்கள் கேனில் இருப்பது அதுதானா என்பதுதான் சந்தேகம். வார்டுக் குழாய் பழுதாகி ஆறு மாதம். சானிடைசர் இருக்கும்போது குழாய் எதற்கு என்கிறார்கள்.

குழந்தையின் எடையை உள்ளங்கையில் பேனாவால் குறித்துக்கொள்வது எங்கள் பழக்கம். கூடாதுதான், தாள் தேடினால் வேலை ஓடாது. சானிடைசரில் இருக்கிற ஆல்கஹால் பட்டால் மை கரைந்துவிடும் என்பதால் உடனே நோட்டில் ஏற்றிவிடுவோம். போன மாதம் புது கேன் வந்தது. காலையில் எழுதிய எண் வேலை முடிந்து கிளம்பும்போதும் கையில் இருந்தது. தோல் வெடிப்பில் எரிச்சலும் இல்லை. நல்லதாப் போச்சு என்று நினைத்தேன், மடச்சி.

அந்த வாரமே மூன்று குழந்தைகளுக்குக் காய்ச்சல்.

கேனில் இருப்பது வெறும் தண்ணீரா என்று ஸ்டோர்காரரிடம் கேட்டேன். ஏம்மா, குடிச்சுப் பாத்தியா என்று சிரித்தார். மேட்ரனிடம் கையைக் காட்டினேன். கையில எழுதுனதுக்கே உனக்கு மெமோ குடுக்கணும், இதுல ஆராய்ச்சி வேறயா என்றார். மெமோவும் வந்தது. நர்சுகள் கை சுத்தமில்லாததால்தான் காய்ச்சலாம்.

அதில் கையெழுத்துப் போட மேலாளர் அறைக்குப் போனேன். அவர் மேசையிலும் ஒரு பாட்டில் இருந்தது. ஒரு சொட்டு எடுத்து, கையில் எழுதியிருந்த எண்ணின் மேல் தேய்த்தேன். மை போன இடம் தெரியவில்லை. எந்தக் குழந்தையையும் தொடாத கைக்கு அசல் சரக்கு!

இப்போது ஒவ்வொரு முறையும் கீழ்த்தளத்துக்கு ஓடிப் போய் சோப்புப் போட்டுவிட்டு வருகிறேன். இடத்தில் இருப்பதில்லை என்று இரண்டாவது மெமோ.

இரண்டு குழந்தைகள் தேறிவிட்டன. மூன்றாவதின் எடை இரண்டு கிலோ நூறு. புது கேன் வந்த அன்று என் கையில் அழியாமல் இருந்தது அந்த எண்தான்.

வேறு ஆஸ்பத்திரி பார். குழாயில் தண்ணீர் வருகிறதா என்று அத்தானைத் திறந்து பார்க்கச் சொல். பிள்ளையைப் பார்க்க வருவேன். நான் கையை நீட்டினாலும் உடனே கொடுத்துவிடாதே, அக்கா. முதலில் சோப்புப் போடச் சொல்.

நல்லபடியாகப் பெற்றெடு.

உன் தங்கை