ஒன் இருட்டுப் படமும், மாலையை எடுத்துப் போட்ட ஆளும்

மரியே வாழ்க

ஜெகதாப்பட்டினம்,
செவ்வாய்க்கிழமை மத்தியானம்.

அன்பு மக பிரின்சிக்கு அப்பா எழுதுறது. இங்கிட்டு நான் சாப்புடுறேன், தூங்குறேன், வேலைக்குப் போறேன், அதையே சொகம்னு வச்சுக்க. அங்கிட்டு கல்கத்தாவுல நீயும் ஒங்கூடப் படிக்கிற பிள்ளைகளும் நோய்நொடி இல்லாம இருக்கணும்னு மாதாகிட்டக் கேட்டுக்கிறேன். போன்ல பேசுனா நான் ம், சரி, அப்பறம்னு சொல்லிட்டு நின்னுருவேன், அது ஒனக்கே தெரியும். வாட்ஸப்புல எழுதுனா நீ வெரலால தள்ளிவிட்டுட்டுப் போயிருவ. அதான் பேப்பர்ல எழுதி கூரியர்ல போடுறேன். போன வாரம் நம்ம ஊர்ப் படகு ரெண்டை எல்லை தாண்டுனதா சொல்லி இலங்கை நேவிக்காரன் புடிச்சுட்டுப் போயிட்டான். அதுக்காக இங்க ஒரு படகும் கடலுக்குப் போகல. படகு போகாட்டி ஐஸ் போகாது. நம்ம ஐஸ் பிளாண்ட்ல ஒரு கம்ப்ரசர மட்டும் ஓட்டிட்டு மத்ததை நிறுத்தி வச்சிருக்கோம். கையில வேலை இல்லாததால ஒன் சினிமாப் படிப்புக்கு இங்க வந்து எடுக்கப்போறேன்னு நீ அனுப்புன கதையை முழுசா படிச்சேன், நீ பாக்கச் சொன்ன படங்களையும் பாத்தேன். படிக்காமலே இருந்திருக்கலாம். உறவுக்காரங்க வழக்கம்போல நாப்பத்திரெண்டு வயசுதானே ஆகுதுன்னு எனக்குப் பொண்ணு பாத்துட்டுத் திரியிறாங்க. மீன் விக்கிற பிச்சையம்மா அக்காதான் அவங்கள வாசல்லயே மறிச்சு, அந்தாளு தட்டுல போட்ட சோத்தையே பாதி வச்சுட்டு எந்திரிக்கிறாரு, பொண்ணைக் கட்டிவச்சு என்ன பண்ணப் போறீகன்னு வெரட்டி விடுது. ஒங்கம்மா அடக்கமாகி வருசம் திரும்பப் போகுது. கோயில்ல பூசைக்கு எழுதி வச்சுட்டேன்.

ஒன் கேமராமேன் அரவிந்த்குமார் வந்து எடம் பாத்துட்டுப் போனான். நல்ல பய, ஆனா இந்த வெயில்ல கறுப்புச் சட்டை, கறுப்புப் பேண்ட். பிச்சையம்மா அக்கா பாத்துட்டு, என்ன தம்பி, சபரிமலைக்கு மாலை போட்ருக்கீங்களா, இது சீசன் இல்லையேன்னு கேட்டுச்சு. இல்லக்கா, இது லுக்குன்னான். லுக்கா, சாயந்தரத்துக்குள்ள கருவாடா ஆயிருவன்னுச்சு. பிளாண்டுல ஐஸ் கட்டியை எறக்குறப்ப வர்ற வெள்ளைப் புகையைப் பாத்ததும் பய ஆடிப்போயிட்டான். அங்கிள், இந்தப் புகை நாள் பூரா நிக்குமாங்கிறான். நாள் பூரா நின்னா அது புகை இல்லடா, அமோனியா லீக்கு, நீ படம் புடிக்க மாட்ட, ஈரத்துணியை மூஞ்சியில கட்டிட்டு ஓடுவன்னேன். அப்பறம் ஹார்பருக்குப் போற ரோட்ட தண்ணி ஊத்தி நனைச்சு வைக்கணுமாம், அப்பத்தான் லைட்டு பட்டு மின்னுமாம். அதுக்கு ஒரு டேங்கர் தண்ணிக்கு ஏற்பாடு பண்ணித் தாங்கன்னான். குடிதண்ணிக்கு லாரி என்னைக்கு வரும்னு காத்துக் கெடக்குற தெருவுல நின்னுட்டுப் பேசுறான். அக்கா விடல. ரோட்டுக்கு எதுக்குய்யா ஊத்துற, ஏங் கொடத்துல ஊத்து, அதுலயும் லைட்டு மின்னும்னுச்சு.

நம்ம வீட்டு சன்னலுக்கு ஒங்கம்மா தன் பழைய சேலையைக் கிழிச்சுத்தான் திரை போட்டு வச்சிருக்கா. அதைக் கழட்டிட்டு ஆபீசுல மாட்டுற பட்டை பட்டையான திரையை மாட்டணுமாம், ஒன் கதையில வர்ற புருசங்காரன் மூஞ்சியில கோடு கோடா நெழல் விழணுமாம். ஏன்டா தம்பின்னா, அந்தாளு மனசு ஜெயில்ல இருக்குன்னு காட்டத்தான் அங்கிள்னான். இந்த ஊர்ல நெசமாவே இலங்கை ஜெயிலுக்குப் போயிட்டு வந்த பயலுக தெருவுக்கு நாலு பேரு இருக்கானுக. எவன் மூஞ்சியிலயும் கோடு விழல. சொறி புடிச்சு வந்திருக்கான், வயித்து வலியோட வந்திருக்கான், ராத்திரி வெளக்கை அணைக்க விடமாட்டேங்குறான். வெளிச்சம் வேணும்ங்கிறான் அவன், ஒங்களுக்கு இருட்டு வேணும். இந்த மாதிரிப் படத்தை மொதல்ல எடுத்த அந்தக் காலத்து அமெரிக்காக்காரன் கைல காசில்லாம, செட்டு கிழிஞ்சது தெரியக்கூடாதுன்னுதான் பாதி எடத்துல லைட்டே போடலன்னு அரவிந்தே சொன்னான். சரி, அவன் இல்லாத கொடுமைக்கு இருட்டுல எடுத்தான். நீங்க ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்து, லாரி நெறைய லைட்டு எறக்கி, அதை வச்சு இருட்டு பண்றீங்க. இதுக்குப் பேரு நியோ நுவாராம், புது இருட்டுப் படம்னு அர்த்தமாம்.

படங்களையும் அவன் லேப்டாப்புலயே போட்டுக் காட்டுனான். பழசு எல்லாம் கறுப்பு வெள்ளை. மழை பேயுது, ஒருத்தன் தொப்பி போட்டுட்டு சிகரெட்டுக் குடிக்கிறான், செத்தவன் மாதிரியே ஒரு கொரல் பின்னாடி கதை சொல்லுது, ஒரு பொம்பளை சிரிச்சுக்கிட்டே வர்றா, அவ சிரிச்சாலே எவனோ சாகப்போறான்னு அர்த்தம். புதுசு எல்லாம் கலரு. அதுலயும் மழை பேயுது, தொப்பிக்குப் பதிலா தாடி, கறுப்புக்குப் பதிலா பச்சையும் ரோசுமா டியூப் லைட்டு, லேண்ட்லைனுக்குப் பதிலா செல்போன். அந்தப் பொம்பளை மட்டும் மாறவே இல்ல. நம்ம தமிழ்ப் படத்துலயும் அதே சரக்குதான், லாட்ஜ் ரூமு மட்டும் மெட்ராஸ் லாட்ஜு. ஒரு மிசினை எழுபது எண்பது வருசமா பெயிண்ட் மட்டும் மாத்தி வித்தா அவனை நாங்க கம்பெனிக்காரன்னு சொல்ல மாட்டோம். ஒங்கள்ல அதுக்கு மரபுன்னு பேரு வச்சிருக்கீங்க. வாய் தொறக்காதவனைப் பாத்தா உள்ள எதையோ மறைக்கிறான்னு அடிச்சு சொல்றீங்க. சும்மா வாய் வராதவன்னு ஒருத்தன் ஒலகத்துல இருக்க முடியாதா. எல்லாத்தையும் விட எனக்கு எரிச்சலா வந்தது எது தெரியுமா, ஒருத்தி செத்தா எவனோ ஒருத்தன் பண்ணிருக்கணும்ங்கிற அந்தக் கணக்குதான். பண்ணுனவன் இல்லாட்டி ஒங்களுக்குப் படமே இல்ல. ஒங்கம்மா காலையில துணி காயப்போட்டுட்டு இருந்தவ, தலை வலிக்குதுன்னு உக்காந்தா, புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போயிச் சேர்றதுக்குள்ள மூச்சு நின்னுபோச்சு. மூளைக்குப் போற ரத்தக்குழா வெடிச்சிருச்சுன்னாங்க. எவனும் பண்ணல தாயி. நானும் எவனாவது கெடைப்பானான்னு தேடிப் பாத்துட்டேன்.

இப்ப ஒன் கதைக்கு வர்றேன். ஐஸ் பிளாண்ட் இஞ்சினியர் ஒருத்தன். அவன் பொண்டாட்டி கூலிங் கிளாஸ் போட்டுட்டு திருமயம் கோட்டைக்கிட்ட எவனையோ பாக்கப் போறா. செத்துப்போறா. தூரத்துல படிக்கிற மக வந்து துப்புத் தேடுறா. ஒங்கம்மா சகாயராணி வாழ்க்கையில கூலிங் கிளாஸ் போட்டது மெட்ராஸ் ஐ வந்தப்ப மட்டும்தான், அதுவும் எங்கிட்டப் புடுங்கிப் போட்டுக்கிட்டது. திருமயத்துக்கு அவ போனதெல்லாம் கல்யாணம் காச்சிக்குப் பஸ்சுல போறப்ப ஜன்னல் வழியாத்தான். கொல்றதுக்குக் காரணம் வேணும்ங்கிறதுக்காகப் பெத்தவளுக்கு ஒரு கள்ளப் புருசனை எழுதியிருக்க. அது கற்பனைப்பான்னு சொல்லுவ. சரி, அதை விடு. நான் விட முடியாதது எது தெரியுமா, அந்த மக கண்டுபிடிக்கிற துப்புக மூணு. அப்பன் கையில கிரீஸ் இருக்கு. கண்ணு காஞ்சு கெடக்கு. பொணத்து மேல விழுந்த மாலைகளை அவன் தூக்கித் தூக்கி வெளிய போடுறான். செத்தவளோட அண்ணன் சொல்றாரு, அவன் கண்ணுக்கு என் தங்கச்சி மேல ஒரு பூ இருக்குறது கூடப் பொறுக்கல. இதுல எதுவும் கற்பனை இல்ல. இது ஒங்க மாமா மைக்கேல்சாமி வாயில வந்த வார்த்தை. அவரு எங்கிட்டப் பேசுறதை அந்தச் சாவு வீட்டோட நிறுத்திட்டாரு, ஒங்கிட்டப் பேசியிருக்காரு. நீயும் இத்தனை மாசமா எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம, கதையா எழுதி, அந்தப் புருசங்காரனுக்குப் பின்கொரல் நீங்களே குடுங்கப்பான்னு எனக்கே அனுப்பியிருக்க. அப்பன் மேல சந்தேகம்னா சந்தேகம்னு கேக்கணும் பாப்பா. அதுக்கு மழை, ஐஸ் புகை எல்லாம் எதுக்கு.

அதனால என்ன நடந்துச்சுன்னு சொல்றேன், கேட்டுக்க. அம்மாவை மத்தியானம் வீட்டுக்குக் கொண்டாந்தோம். நீ பிளைட்டு மாறி வந்து சேர மறுநாள் மத்தியானம் ஆகும்னு தெரிஞ்சுபோச்சு. வெயில் காலம், அன்னைக்கே அடக்கம் பண்ணிருவோம்னு பெரியாளுக சொன்னாங்க, ஒங்க மாமாவும்தான் சொன்னாரு. புள்ளை மொகம் பாக்கணும்னு நான் ஒத்தைக்கால்ல நின்னேன். வாடகைக்கு ஃப்ரீசர் பொட்டி வந்துச்சு. எத்தனை சாவு பாத்த பொட்டியோ, ஓஞ்சுபோன பொட்டி. தெருவுல வோல்டேஜ் வேற கம்மி, கம்ப்ரசர் முக்கிமுக்கி நின்னுக்கிட்டே இருந்துச்சு. ஒரு ஸ்டெபிலைசரும் ரிலேவும் எடுக்கத்தான் பிளாண்டுக்குப் போனேன். பொண்டாட்டியைக் கெடத்திட்டு வேலைக்குப் போயிட்டான்னு சொன்னாங்க. கால்மாட்டுல ஒரு கம்பி சல்லடை இருக்கும், அது வழியாத்தான் பொட்டியோட சூடு வெளிய போகணும். உள்ள இருந்த சின்ன ஃபேன் செத்துப்போயிருந்துச்சு, அதனால வீட்டு டேபிள் ஃபேனைத் தரையில வச்சு சல்லடைக்கு நேரா திருப்பிவிட்டேன். சனம் வேர்த்து விறுவிறுத்துக் கெடக்கு, இவன் பொட்டிக்கு அடியில காத்து விடுறான்னு அதுக்கும் ஒரு பேச்சு. நம்ம சனத்துக்குப் பழக்கம், வர்றவங்க எல்லாம் மாலையைக் கொண்டாந்து கண்ணாடி மேல போடுவாங்க, மேல எடம் பத்தாட்டி கால்மாட்டுல சாத்துவாங்க. சாத்துனா சல்லடை அடைபட்டுப் போகும், அடைபட்டா சூடு ஏறும், ஏறுனா கம்ப்ரசர் நின்னுரும். அதான் எடுத்தேன். வைக்க வைக்க எடுத்தேன். ஒங்க மாமா ஆவூர்ல இருந்து ஆளுயர ரோசாமாலை கொண்டாந்தாரு, பொறந்த வீட்டு மாலை. அதை நேரா சல்லடை மேலயே சாத்திட்டுக் கும்புட்டுட்டுத் திரும்புறாரு, நான் தூக்கிக் காம்பவுண்டு சொவத்துல வச்சுட்டேன். சட்டையைப் புடிச்சுட்டாரு. ஏன் மாப்ள, எந்தங்கச்சிக்கு நான் போட்ட மாலை ஒங்க கண்ணை உறுத்துதான்னாரு. அத்தனை சனமும் பாக்குது. என்னன்னு சொல்லச் சொல்ற. அதை எடுக்காட்டி ஒங்க தங்கச்சி கெட ஆரம்பிச்சுருவான்னு, கூடப் பொறந்தவர் மூஞ்சியைப் பாத்து, செபமாலை சொல்லிக்கிட்டு இருக்குற வாசல்ல நின்னு நான் சொல்லணுமா. எனக்கு அந்த வார்த்தை வரல. நான் திரும்ப ஃபேன்கிட்டப் போயி உக்காந்துட்டேன். மறுநாள் நீ வர்ற வரைக்கும் அங்கதான் இருந்தேன், கையை கம்ப்ரசர் மேல வச்சுக்கிட்டு, அது ஓடுதான்னு. நீ ஓடியாந்து எம்மேல விழுந்தப்ப கிரீஸ் பட்டுக் கெடந்த என் கையைத்தான் பாத்த. அப்பறம் கண்ணாடியைத் தெறந்து அம்மா நெத்தியில முத்தம் குடுத்த. அம்மா தூங்குற மாதிரியே இருக்காங்கப்பான்னு சொன்ன. அது தானா அப்படி இருக்கல தாயி.

ஒன் படத்தை நிறுத்தச் சொல்லல. அது ஒன் படிப்பு, அதுக்குத்தான் அத்தனை தூரம் போயிருக்க. பிளாண்ட் ஓனர்கிட்டச் சொல்லிட்டேன், படகு ஓடாத நாளாப் பாத்து எடுத்துக்கச் சொல்லிட்டாரு, நானும் கூட நிப்பேன். ஆனா ஐஸ் கட்டிக்குள்ள பொணத்தை வச்சு உறைய வைக்கிற சீனை வெட்டிரு, தண்ணி ஊத்தி ஐஸ் கட்ட வைக்கிற எங்க கேன்ல ஒரு ஆளை மடக்கிக்கூடத் திணிக்க முடியாது, பாக்குறவன் சிரிப்பான். பின்கொரல் நான் குடுக்க மாட்டேன். அம்மா சேலையைக் கேட்டிருந்த, ஒன் கதையில வர்ற அந்தப் பொம்பளைக்குக் குடுக்க மாட்டேன், அவளுக்குப் புதுசா வாங்கிக்க. கூலிங் கிளாஸையும் நீயே வாங்கிக்க. மாமாகிட்ட விசயத்தை நீ எடுத்துச் சொல்லு. அவரு முன்னாடி அந்த வார்த்தை எனக்கு இன்னமும் வராது. பூசைக்கு அவரையும் கூட்டிட்டு வா, நீ கூப்பிட்டா வருவாரு. அங்க தண்ணியைக் காய்ச்சிக் குடி, ஆத்து மீனுல முள்ளு ஜாஸ்தி, அவசரத்துல சாப்புடாத. தலைவலின்னா மாத்திரையைப் போட்டுட்டுப் படுத்துராத, டாக்டர்ட்டக் காட்டு. இதை மட்டும் எனக்காகச் செய்யி.

ஒன் கதையில கடைசியா அந்த மக அப்பன்கிட்டக் கேக்குறா, ஏன் நீங்க அழலன்னு. அவன் சிகரெட்டைப் பத்தவச்சு, சன்னலைப் பாத்து, ஒரு பக்கத்துக்கு வசனம் பேசுறான். அந்தப் பக்கத்தைக் கிழிச்சுப் போடு. நீ எங்கிட்டக் கேட்டதா வச்சுக்கிட்டு நான் சொல்றேன். இன்னும் வரல. அவ்வளவுதான். காலையில எந்திரிக்கிறப்ப வரும்போல இருக்கும், வராது, பல்லு வெளக்கிட்டு வேலைக்குப் போயிருவேன். மாதா ஒன்னைத் தன் முந்தானையில வச்சுக் காப்பாத்தட்டும், நெனைச்சது கைகூடட்டும், பெரிய ஆளா வா. ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்க. எனக்கு அது வர்ற அன்னைக்கு மொதல்ல ஒனக்குத்தான் போன் பண்ணுவேன். என்ன சூட்டிங்ல இருந்தாலும் எடுத்துரு. நான் பேசாட்டியும் வச்சுராத.

இப்படிக்கு,
ஒன் அப்பா
அ. பால்ராஜ்