நாலரைக்கு ஒரு தட்டு தட்டிவுடு

ஜூன் 9, திங்கள்

நேற்றும் தூக்கம் இல்லை. பத்தேகாலுக்குப் படுத்தோம். இவர் தலையணையில் தலை வைத்த இரண்டாவது நிமிஷம் குறட்டை. நான் பன்னிரண்டு, ஒன்று, இரண்டு எல்லாம் பார்த்தேன். மூன்றே முக்காலுக்குக் கீழே குழாயில் காற்று சீறியது. தண்ணீர் வருகிறது. இறங்கிப்போய்க் கீழ் போர்ஷன் கஸ்தூரியக்கா கதவைத் தட்டினேன். அவள் செய்த ஏற்பாடு அது. "நீ எப்டியும் முழிச்சிக்கினுதானே கீற ஞானம், ஒரு தட்டு தட்டிவுடு." தண்ணீர் எப்போது வரும் என்று போன் அலாரத்துக்குத் தெரியாதே!

ஜூன் 10

கசகசாப் பால், ஜாதிக்காய், உள்ளங்காலில் விளக்கெண்ணெய், ஜெபம். எல்லாம் ஆயிற்று. கடைசியில் எல்லாரும் கேட்பது, "மனசுல இன்னா கவலை?" தூங்காததுதான் கவலை! வேறு கவலைப்பட எனக்கு ஏது தெம்பு?

ஜூன் 12, வியாழன்

மண்ணூர்பேட்டை கம்பெனியில் சட்டை செக்கிங். பதினொரு மணிக்குக் கண் திறந்தபடியே தூங்கியிருக்கிறேன். காஜா வெட்டாத சட்டை இரண்டு, பட்டனை எதில் போடுவார்களோ, என் முத்திரையோடு பேக்கிங் வரை போய்விட்டது. சூப்பர்வைசர் ஹேமநாதன் எல்லார் முன்னாலும் தூக்கிக் காட்டினார். "இது ரெண்டாவது தடவ. இன்னொரு தடவ ஆச்சுன்னா வேற ஆளு பாத்துக்குவோம்."

எட்டு வருஷ வேலை. மகள் ஜெனிஷா நர்சிங் முடிக்க இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது. ஹாஸ்டலிலிருந்து போன் செய்து, "சாப்ட்டியாம்மா?" என்றாள். அதற்கு எரிந்து விழுந்தேன். பாவம் பிள்ளை, போனை வைத்துவிட்டாள்.

ஜூன் 15, ஞாயிறு

பிரசங்கம் ஆரம்பித்ததும் தூங்கிவிட்டேன். இவர் கிள்ளி எழுப்பினார். வாரத்தில் கிடைத்த ஒரே தூக்கம், அதையும் கிள்ளுவாரா மனுஷன்!

ஜூன் 16

எதிர் போர்ஷன் வேலுசாமி அண்ணனும் சேர்ந்துகொண்டார். முதல் ஷிப்ட். "அலாரம் வெச்சா கொயந்த எழுந்துக்குது. நாலரைக்கு ஜன்னல்ல ஒரு தட்டு தட்டிவுடும்மா." சரி என்றேன். ஏன் சரி என்றேன்?

ஜூன் 18

மூன்று மணிக்குக் கண் சொருகியது. உடனே திக்கென்றது. ஐயோ, தண்ணி வந்துடுச்சோ, அண்ணனுக்கு பஸ் போயிடுச்சோ! எழுந்து உட்கார்ந்தேன். மணி மூன்று பத்து. அதோடு தூக்கம் போயிற்று.

ஜூன் 20, வெள்ளி

மூன்றரையை நாலரை என்று பார்த்துத் தொலைத்தேன். வேலுசாமி அண்ணன் குளித்துக் கிளம்பி, டிபன் பாக்ஸோடு ஸ்டாப்பில் ஒரு மணி நேரம் தெருநாய்களோடு நின்றாராம். சாயங்காலம் வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "இன்னாம்மா, வெளாட்றியா? உன்ன நம்புனா இப்டியா?" கஸ்தூரியக்கா சிரித்தாள்.

கோபம் வந்துவிட்டது எனக்கு. "நம்பாதீங்க! நான் தூக்கமில்லாம செத்துக்கினு கீறேன், உங்களுக்கு அது வசதியா பூட்ச்சா? தூங்குனியான்னு ஒருத்தராச்சும் கேட்டீங்களா? யாரை எப்ப எழுப்பணும்னு பயந்துக்கினே படுக்கறேன். இன்னொரு சட்டை தப்பாச்சுன்னா என் வேலை போயிடும்!"

கத்தினேன், அழுதேன், மேலே வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். வெட்கமாக இருக்கிறது. ஆனால் சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை.

ஜூன் 21

குழாய் சீறியது. எழுந்திருக்கவில்லை. தூங்கவும் இல்லை. காம்பவுண்டில் ஒருவரும் முகம் கொடுக்கவில்லை.

ஜூன் 24, செவ்வாய். சாப்பாட்டு நேரம், கம்பெனி

எப்போது தூங்கினேனோ! கதவு இடிபடும் சத்தத்தில் எழுந்தேன். ஏழு பத்து! கம்பெனி வேன் ஏழேகாலுக்கு. இவர் ஆறு மணிக்கே வேலைக்குப் போய்விட்டார், நான் தூங்குகிறேனே என்று எழுப்பவில்லையாம். இவரை என்ன செய்ய?

வாசலில் கஸ்தூரியக்கா. "மெதுவா கெளம்பு. வேன்காரன்ட்ட சொல்லிட்டேன், அஞ்சு நிமிசம் நிப்பான்." பக்கத்தில் இரண்டு குடம் தண்ணீர். மாடி ஏற்றி வைத்திருக்கிறாள். கண் ரெண்டும் ரத்தமாகச் சிவந்திருந்தன. "தண்ணிக்காக ஒரு ராத்திரி முழிச்சி ஒக்காந்தேன். பேஜாரா கீதுடி. நாலு மாசமா எப்டி தாங்குன?"

அழுகை வந்துவிட்டது.

மதியத்துக்குள் காஜா இல்லாத சட்டை ஒன்றைப் பிடித்து ஹேமநாதன் மேசையில் கொண்டுபோய் வைத்தேன்.

ஜூன் 28, சனி

நேற்று இல்லை. பன்னிரண்டு, ஒன்று, இரண்டு. மூன்றரைக்குக் குழாய் சீறியது. கீழே யாரோ தாழ்ப்பாள் திறந்து கஸ்தூரியக்கா கதவைத் தட்டினார்கள். இப்போது காம்பவுண்டில் முறை வைத்து முழிக்கிறார்கள், நேற்று வேலுசாமி அண்ணன் முறை. நான் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.